காது கேட்காத எலிகள்

ஹலோ... ஆமா, மார்லீன்தான். யாரு?... அட, புரொபசர் ஹாலரனா! மூணு வருஷமா மறந்துபோன நம்பர் இன்னைக்கு ஞாபகம் வந்துடுச்சாக்கும்!

...ம்... இருக்கேன். உங்க லேப்ல எலிக்கூண்டு கழுவினது போதும்னு, இங்கேயே பிட்ஸ்பர்க்ல நாய்ங்களுக்கு முடி வெட்டுறேன்... பரவால்ல, நாய் நன்றி காட்டுது.

...விசாரணைக் கமிட்டியா? ம்... ம்... கேள்விப்பட்டேன்.

...என்னது? அந்த எலிங்களுக்குக் காது கேக்காதுன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலைன்னு நான் சொல்லணுமா? நான்தானே சார் சொன்னேன்!

...இல்ல இல்ல, இருங்க, பேச விடுங்க. மூளை செல்லுல சேதி வாங்குற அந்த ஏற்பியை எடுத்துட்டா, எலி பயத்தையே கத்துக்காதுன்னு எழுதினீங்க. மணியடிச்சு ஷாக் குடுத்தோம். மறுநாள் மணியடிச்சா மத்த எலியெல்லாம் விறைச்சுப் போச்சு, ஏற்பி எடுத்த இதுங்க மட்டும் ஹாயா முகம் கழுவிட்டிருந்துச்சு. ஏன்? மணிச்சத்தமே கேக்கலை! அதுங்களுக்குப் பின்னால இரும்பு மூடியை டமார்னு கீழே போட்டேன், ஒரு காது அசையலை. ஷாக் குடுத்த பெட்டியில திரும்ப விட்டப்போ மூலையில ஒடுங்கிச்சே, பாத்தீங்கல்ல? பயமெல்லாம் பத்திரமாத்தான் இருந்துச்சு.

...ஆமா, ஆமா, நான் படிக்காதவதான். ரோண்டா உங்க ஸ்டூடன்ட்தானே? அவளும் இதையேதான் மீட்டிங்ல சொன்னா. அந்த வாரமே மூட்டை கட்ட வச்சீங்க.

...கத்தாதீங்க. அங்க லேப்ல கத்தினா நாங்க நடுங்குவோம். இங்க நடுங்க யாரும் இல்ல.

...என்ன? நானும் கையெழுத்துப் போட்டேனா?

...ஆமா. போட்டேன். தப்பா அளந்தது ரோண்டாதான்னு நீங்க நீட்டின தாள்ல, படிச்சுப் பாத்துட்டேதான் போட்டேன். வேலை போயிடுமேன்னு.

...மிரட்டாதீங்க சார். காலையில கமிட்டிக்குக் குடுத்த கடுதாசில அதையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன்... ஆமா. குடுத்தாச்சு... ஆமாங்கிறேன்ல!

...அழுறீங்களா?

...ரோண்டாவா? நேத்து கூப்பிட்டேன். மன்னிச்சுக்கோடின்னேன். அதுக்கு அவ, "அந்த எலிங்களை என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டா. சோதனை முடிஞ்சதும் கொன்னாச்சுன்னேன். போனை வச்சுட்டா.

...ஹலோ? சார்?... ஹலோ?