ஆயிரத்து ஐநூறாவது மீட்டர்

சாயங்காலம் நாலரை மணி. மலையைக் குடைந்து போட்ட பழைய சாலை. பக்கத்திலேயே புதிய சாலை திறந்த பிறகு, அந்த வழியில் ஈ காக்கை கூடக் கிடையாது...

நம் டிரைவர் அண்ணன், நின்றுபோன நம் வண்டியின் வழிகாட்டித் திரையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். 'சிக்னல் தேடுகிறது' என்று அது சொல்லி இருபது நிமிடம் ஆகிறது. தேடட்டும். மாற்று வண்டி வரும்வரை நமக்கும் வேறு வேலை இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்.

இது நம் கம்பெனி ஸ்டோர் கீப்பரின் தங்கை வீட்டில் நடந்தது. தங்கை கணவர் கார் எலெக்ட்ரீஷியன். காரோடு கூடவே வருகிற வழிகாட்டித் திரையைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். ஸ்டோர் கீப்பர் அவரை மாப்பிள்ளை என்பார், நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். பேயாவது பிசாசாவது, எல்லாம் வயர் கோளாறு என்கிற ஆள்.

ஒரு நாள் பல் டாக்டரம்மா ஒருவர் காரைக் கொண்டு வந்து விட்டார். கூட வந்த கணவர் கடைக்குள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்றுவிட்டார். புகார் இதுதான். அந்தப் பழைய சாலையின் மலைச் சுரங்கத்துக்குள் போனால் சிக்னல் போய்விடுகிறது. மறுபக்கம் வெளியே வந்தாலும், திரையில் கார் சாலையில் இல்லை. மலைக்குள் எங்கோ நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சரியான இடத்துக்குத் தாவுகிறது.

மாப்பிள்ளை சிரித்தார். "சுரங்கத்துக்குள்ள சாட்டிலைட் எட்டாதும்மா, மேல அவ்வளவு பாறை. அப்ப கார் என்ன பண்ணும்னா, சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சு, எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு தானே கணக்கு வச்சுக்கிட்டு, இங்கதான் இருப்போம்னு குத்துமதிப்பா காட்டும். கரண்ட் போனா நாம வீட்டுக்குள்ள தடவிக்கிட்டே நடக்கல, அது மாதிரி. டயர் மாத்தியிருப்பீங்க, அளவு மாறியிருக்கும், கணக்கு உதைக்குது."

"டயரே மாத்தலையே," என்றார் டாக்டரம்மா.

அளந்து பார்த்தார், டயர் சரியாகத்தான் இருந்தது. கூரை ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, திறந்த நேர்சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினார். சாட்டிலைட் இல்லாமலே கார் அச்சுப் பிசகாமல் கணக்குச் சொன்னது. அப்படியானால் கோளாறு அந்தச் சுரங்கத்துக்குள் மட்டும். மாப்பிள்ளைக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கோளாறு பிடிபடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அங்கேதான் அந்தத் தப்பைச் செய்தார். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டும், இன்னொருவர் திரையில் ஏறுகிற சக்கரக் கணக்கை நூறு மீட்டருக்கு ஒரு தடவை உரக்கப் படிக்க வேண்டும். கடை ஆள் லீவு. மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

தங்கச்சி வாய் ஓயாத ஆள். அண்ணனையே "டேய் அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். "ஞாயித்துக்கிழம அதுவுமா எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னா, குகைக்குள்ள கூட்டிட்டுப் போறீங்க," என்று வழியெல்லாம் அவரை வறுத்தெடுத்துக்கொண்டே வந்தாள்.

சுரங்கம் ஆயிரத்து இருநூறு மீட்டர். ஒரே நேர்கோடு. உள்ளே விளக்குகள் செத்து வெகுநாள் ஆகிறது. நுழைந்ததும் ஈரப் பாறை வாசனை. திரையில் சாட்டிலைட் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கியது.

"நூறு... இருநூறு..." என்று தங்கச்சி படிக்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஆயிரத்து நூறு... ஆயிரத்து இருநூறு..."

வெளிச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆயிரத்து முந்நூறு..."

டயர் சத்தம் மாறியது. தாரை விட்டு ஜல்லியில் இறங்கியது போல நறநறவென்று... மாப்பிள்ளை ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. ஆனாலும் வளைவில் போவது போல உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஆயிரத்து நானூறு. என்னங்க, இது எங்கயோ திரும்புதுங்க. ஆயிரத்து ஐநூறு..."

குரல் நின்றது. கார்க் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம்... மெதுவாக.

அடுத்த நொடி வெளிச்சம். கார் சுரங்கத்தின் மறுமுனையில், சாலை நடுவே ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி பக்கத்தில்தான் இருந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. "முடிஞ்சுதுங்க," என்றாள்.

திரையில் சக்கரக் கணக்கு ஆயிரத்து எண்ணூறு. இல்லாத சாலையில் கார் அறுநூறு மீட்டர் போய் வந்திருந்தது. சாட்டிலைட் கிடைத்ததும் காரின் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொண்டு, நாலு முப்பத்தாறிலிருந்து நாலு நாற்பத்தேழுக்குத் தாவியது. அவர் கைக்கடிகாரத்தில் நாலு முப்பத்தாறுதான். பதினொரு நிமிடத்தைக் காணவில்லை.

அப்போதுதான் டாஷ்போர்டில் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் எரிகிற விளக்கு. இருக்கைக்கு அடியில் எடையை உணர்கிற பட்டை ஒன்று இருக்கும், அது சொல்லித்தான் எரியும். மனைவி உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வயர் கோளாறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் கடை ஆளை அதே இருக்கையில் உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது. எழுந்திருக்கச் சொன்னார். எரிந்தது.

வீட்டில் அவள் சமைத்தாள், துவைத்தாள், எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றாள். மூன்று வாரமாக ஒரு சண்டை கிடையாது. இதைக் கேட்டு உங்களில் சிலர் பெருமூச்சு விடுவது தெரிகிறது, விடுங்கள். ஆனால் ஸ்டோர் கீப்பர் போனபோது அவள் "வாங்க அண்ணா" என்றாளாம். மனிதர் வாசலோடு திரும்பி வந்துவிட்டார். ஒன்பது வருடமாக அவளோடு மல்லுக்கட்டிய மாப்பிள்ளையோ, ஒரே ஒரு திட்டுக்காக ஏங்கி ராத்திரியெல்லாம் அழுதார்.

டாக்டரம்மா காரைக் கேட்டு ஒரு போன் கூடப் பண்ணவில்லை. கடைசியில் இவரே கூப்பிட்டார்.

"உங்க காருல ஒரு விளக்கு எரியுதும்மா..."

டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் உக்காந்தாலும் எரியும். நாலு மாசமாச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா? நீங்க கணக்கு தெரிஞ்சவரு, அந்தத் திருப்பம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன். அவரு இன்னும் அங்கயேதான் நிக்கிறாரு சார். எனக்குத் திரும்பப் போகத் தைரியம் வரல."

மாப்பிள்ளைக்கு வந்தது. அடுத்த ஞாயிறு அதே காரில் தனியாகப் போனார்.

ஆயிரத்து இருநூறு தாண்டியும் இருட்டு. ஜல்லிச் சத்தம். உடம்பு சாய்ந்தது. ஆயிரத்து ஐநூறில் பிரேக்கை மிதித்தார். இன்ஜின் சத்தம் கூடக் கேட்கவில்லை. கைநீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "வந்துட்டேன்டி, ஏறு," என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. கார் தானாக நகர்ந்தது. காதுக்குப் பக்கத்தில், தொண்டை வறண்டு போன குரல்...

"ஆயிரத்து அறுநூறு... ஆயிரத்து எழுநூறு..."

எண்ணூறில் வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தார். இருக்கையில் கண்ணுக்கு யாரும் இல்லை. ஆனால் விளக்கு அணைந்திருந்தது. பெல்ட் போடச் சொல்லி டிங், டிங் என்று கார் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அழுதுகொண்டே அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவது போல, மேடு பள்ளம் பார்த்து ஓட்டி வந்தார். இனிமேல் எங்கே சொன்னாலும் கூட்டிப் போகிறேன் என்று வழியெல்லாம் பேசினார். பக்கத்திலிருந்து ஈரப் பாறை வாசனை மட்டும் வந்தது. போதும் என்று இருந்தது அவருக்கு.

வீட்டு வாசலில் கார் நின்றது. சத்தம் கேட்டு உள்ளே இருந்தவள் வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் பூட்டை அமுக்குவதற்குள் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள், மெதுவாக.

டாஷ்போர்டில் அந்த விளக்கு மறுபடி எரிந்தது.