சித்தப்பா விழுகிறார்

பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு எனக்கு நிறைய நேரம் கிடைத்தது, ஐயா. நேரம் இருப்பவர்கள் படம் வரைவது இயல்புதானே.

வரைந்ததைப் பத்திரிகை அலுவலகத்துக்கு எடுத்துப் போனவர் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தவர். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். ஆசிரியர் சொன்னது கேட்டது.

"கோடு நல்லா இருக்கு. ஜோக்குதான் எல்லாம் இட்டுக்கட்டினது. நாய் பேசுது, பூனை பேசுது, யாருக்கு வேணும்? வீட்டுல நடக்கறதைப் போடச் சொல்லுங்க."

அந்த வாரமே சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வாளி தலையில் கவிழ்ந்தது. அப்படியே வரைந்து கொடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு கட்டமாக வந்தது. ஆசிரியர் சொல்லி அனுப்பினார்: ஒரு மாதம் தினமும் இதே மாதிரி கொடுத்தால் அந்த இடம் எனக்கே.

ஆனால் ஒரு மனிதர் தினமும் தானாக விழமாட்டார். நானே யோசித்து வரைந்தவை திரும்பி வந்தன. ஆசிரியருக்குப் பொய் பிடிக்காது. எனவே தரையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு நாற்காலிக் காலின் திருகாணியைத் தளர்த்தினேன்.

"தம்பி, கண்ணைப் பிடரியில வெச்சுக்கிட்டா நடக்கறீங்க?" என்று அம்மா சித்தப்பாவைத் திட்டுவாள்.

சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார். "என்னடி, இன்னைக்கும் நான்தான் மாட்டினேனா? பேப்பர்ல பார்த்துட்டு பஸ்ஸுல எனக்கு எழுந்து இடம் குடுக்கறாங்க, தெரியுமா?"

கையில் மாவுக்கட்டு வந்தபோது அதையும் வரைந்தேன். ஏகப்பட்ட பாராட்டு.

மாதக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம் கேட்டார்கள், வண்ணத்தில். அது சரியாக அமைந்தால் இடம் நிரந்தரம். அரைப் பக்கத்துக்குச் சின்ன வழுக்கல் போதாது. மாடிப்படியின் மேல் படிக்குக் குறுக்கே மெல்லிய கம்பி கட்டினேன். கீழே வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பென்சிலைச் சீவிக்கொண்டு, "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். நான் யாரையும் சத்தமாகக் கூப்பிடுகிறவள் இல்லை. அதனால் அவர் ஓடி வந்தார்.

விழுந்த பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமல் இருந்தது வசதியாக இருந்தது. ஒற்றைச் செருப்பு மட்டும் மேல் படியிலேயே நின்றுவிட்டது. அதெல்லாம் யோசித்து வரக்கூடியதில்லை. வண்ணம் தீட்டி முடித்துவிட்டுத்தான் அம்மாவை அழைத்தேன். முன்னாலேயே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம்.

கம்பி கட்டியது நான்தான், ஐயா. அவர்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. எனக்காக என்றால் அவர் தாமாகவே குதித்திருப்பார். கேட்பதற்குத்தான் கூச்சமாக இருந்தது.