ஹில்டா ஆன்ட்டியின் ஊக்கு

தாம்பரம் வெயிலில் கம்பளிச் சட்டை பின்னுகிறவளை எல்லோரும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள், மேடம். நீங்கள் பார்க்க மாட்டீர்கள். குழந்தைத் துணிக்கடை வைத்திருக்கிறவருக்குத் தெரியாததா. மகளின் பிரசவத்துக்கு விமானம் ஏறுகிற அம்மாக்கள் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்வெட்டரையும் வைத்துத்தான் மூடுகிறார்கள். இங்கேயே ஏசி அறையில் பிறக்கிற பிள்ளைகளுக்கும் இப்போது குல்லா வேண்டியிருக்கிறது.

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. சேலையூரிலிருந்து படப்பைக்கு பஸ் மாறி வந்ததில் நாக்கு வறண்டுவிட்டது. மேஜைமேல் இருக்கிற இந்த மஞ்சள் சட்டையைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளட்டுமா? கையில் ஏதாவது இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். உங்கள் விரலில் பிளாஸ்திரி போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஹில்டா. கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் வீடு. சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குப் பின்னல் சொல்லிக்கொடுப்பது நான்தான். 'ஊக்குவிக்கிறதுல ஹில்டா அக்காவ மிஞ்ச ஆளில்ல' என்று அங்கே சொல்வார்கள். என் வளையலில் எப்போதும் ஊக்குகள் தொங்குவதால் அது ஒரு கேலியும்கூட. ஊக்கு கையைக் கீறாமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ரோஸ் நூல் சுற்றி வைத்திருப்பேன். இதோ பாருங்கள். ஆமாம், உங்கள் விரலில் குத்தியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

முதலில் என் மகனைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஸ்டெபின் கனடாவில் இருக்கிறான். நல்ல பிள்ளை. நான் ஒரு ஸ்வெட்டர் அனுப்பினேன், ஒரு குறை சொல்ல முடியாது. போனில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அடுத்ததில் கவனக்குறைவாக ஒரு கை நீளமாகிவிட்டது. அன்றைக்குப் போன் அடித்தான். "அம்மா, இது யாருக்கும்மா, ஏதாவது கொரங்குக்கா?" என்று சிரித்தான். பேச்சு வளர்ந்து, மருமகளின் சளி, அங்கே கிடைக்காத முருங்கைக்கீரை வரைக்கும் போயிற்று. போனை வைத்த பிறகு கர்த்தருக்கு நன்றி சொன்னேன். குறையில்லாததற்குக் கட்டைவிரல், குறைக்குக் குரல். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் முழுசாக இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் லாசரஸ் ஓய்வு பெற்றதும் டீ போடக் கற்றுக்கொண்டார், துணி மடிக்கக் கற்றுக்கொண்டார். என்னைக் கூப்பிடவே காரணம் இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில் அவருடைய சட்டைப் பொத்தான் கையோடு வந்துவிட்டது. "ஹில்டா, ஹில்டா" என்று வீடு முழுக்க என் பெயர். எத்தனை நாளாயிற்று கேட்டு. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவருடைய பொத்தான் நூலைக் கொஞ்சம் தளர்த்திவைப்பேன். யாருக்கும் இதில் நஷ்டமில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜெயஸ்ரீ எங்கள் மாடிக்குக் குடிவந்தாள். அவள் கணவன் கதிரேசனுக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. அவள் ஒரு நாள் பாலுக்கு உறைமோர் இருக்கிறதா என்று கேட்டு இறங்கிவந்தவள், என் ஊசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தேன். கதிரேசனுக்கு அது பெரிய வேடிக்கை.

"இன்னா ஆன்ட்டி, இந்த வெயில்ல சொட்டரா? போட்டுக்கினா நாங்க இட்லி மாதிரி வெந்துடுவோம்."

"உனக்கு இல்லப்பா, உனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு," என்றேன். அவன் காது சிவந்து மாடியேறிப் போய்விட்டான்.

அவள் விரல் நல்ல விரல், மேடம். சீக்கிரமே என்னைக் கேட்காமல் பின்ன ஆரம்பித்தாள். நீங்களும் தொழில் தெரிந்தவர், பின்னலில் கண்ணி என்றால் என்ன என்று தெரியும். அந்த நூல் வளையம் ஒன்று நழுவினால் ஏணி மாதிரி கீழ்வரைக்கும் இறங்கிவிடும். மாடியில் ஒரு பூனை வந்து நூற்கண்டை உருட்டுகிறதென்று, பின்னுகிற பையைத் தினமும் என் வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். "உங்ககிட்ட இருந்தா எனக்குக் கவலையில்ல ஆன்ட்டி" என்பாள். அவள் போனதும் ஊக்கால் ஒரே ஒரு கண்ணியை நழுவவிடுவேன். மறுநாள், "ஐயோ ஆன்ட்டி, மறுபடியும் விட்டுட்டேன் போல" என்று வருவாள். பொறுமையாகச் சரிசெய்துகொடுப்பேன். டீ குடிப்போம். அவளுடைய அம்மாவோடு கொஞ்சம் மனத்தாங்கல், அதையெல்லாம் சொல்வாள். அழுத நாட்களும் உண்டு. நான் அவளுக்காக ஜெபித்திருக்கிறேன். அந்தப் பொழுது எங்கள் இருவருக்குமே நன்மையாகத்தான் இருந்தது.

பிறகு ஜெயஸ்ரீக்கு உங்கள் செய்தி வந்தது. குழந்தைகளுக்குக் கையால் பின்னிய துணிக்கு இந்தக் கடையில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கப்போகிறீர்கள், பொறுப்பெடுக்க ஆள் வேண்டும், மாதிரிக்கு ஒரு சட்டை பின்னிக்கொண்டு வரட்டும் என்று. அவள் தரையில் கால் பாவாமல் ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, கல்யாணத்துக்கு அப்புறம் என் பேரச் சொல்லி ஒரு வேலை வர்றது இதான் ஃபர்ஸ்ட் டைம். கிடைச்சுதுன்னா படப்பையிலயே வீடு பாத்துடலாம்னு அவர் சொல்றாரு. ஒரகடம் பக்கம் இல்ல?"

பக்கம்தான். அதை நான் மறுக்கவில்லை. நல்ல வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

அவள் மாதிரிக்குப் பின்னிய வெள்ளைச் சட்டை, உங்களிடம் கொண்டுவருவதற்கு முந்தின இரவும் என் வீட்டில்தான் இருந்தது. நான் அவசரப்பட்டு எதுவும் செய்யவில்லை. கை கழுவினேன். ஜெபித்தேன். கழுத்தோரம் கடைசி முடிச்சை அவிழ்த்து ஒரு கண்ணியை விடுவித்தேன். நீங்கள் அந்தச் சின்னக் குறையைப் பார்ப்பீர்கள், 'இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாம்மா' என்பீர்கள், அவள் என்னிடம் பழக வருவாள். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஆனால் பஸ் நெரிசலில் கண்ணி மேலும் பிரிந்து சட்டை முழுக்கக் கெட்டுவிட்டால் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை. வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, அந்தக் கண்ணி அதற்குமேல் ஓடாதபடி உட்புறம் மாட்டிவைத்தேன்.

நான் அந்த அன்பைக் காட்டாமல் இருந்திருந்தால் அவளுக்கு வேலை கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கும். நீங்கள் சட்டைக்குள் கைவிட்டீர்கள், சரியாக மூடாத முனை குத்தியது. பிறந்த குழந்தையின் கழுத்துக்குப் பக்கத்தில் ஊக்கு வைக்கிறவளை எப்படி நம்புவது என்று கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. அதோடு வேலையும் போயிற்று.

நேராக என்னிடம்தான் வந்தாள். மடியில் படுத்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்து, "போனாப் போகுது கண்ணு, கர்த்தர் வேற வழி திறப்பாரு" என்றேன். அவள் உள்ளங்கையைத் திறந்து ஊக்கைக் காட்டினாள். ரோஸ் நூல். பேப்பர் படித்துக்கொண்டிருந்த லாசரஸ் எட்டிப் பார்த்தார்.

"ஏய், இது உன் ஊக்கு இல்ல?" என்றார். பிறகு தன் சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்தார். அதை லேசாக இழுத்துப் பார்த்தார். "ஹில்டா, நீ ஊக்குவிக்கிறேன் ஊக்குவிக்கிறேன்னு சொன்னதெல்லாம் இதானா?"

ஜெயஸ்ரீ என் வளையலைப் பார்த்தாள். எழுந்து மாடிக்குப் போனாள். பூனையிடமிருந்து காப்பாற்ற என்னிடம் கொடுத்த பையையும் எடுத்துக்கொண்டாள்.

அத்தோடு இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை கிடைத்திருக்கும், எப்படியோ சமாளித்திருப்பேன். காலையில் அவளே இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, அந்த ஊக்கை மறுபடி வளையலில் மாட்டிவிட்டாள்.

"தொறந்தே வெச்சிருக்கீங்க ஆன்ட்டி. பாத்து, கைல குத்திடப்போகுது," என்று முனையை அழுத்தி மூடிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான் செய்தாள், மேடம். வாழ்நாளெல்லாம் ஜெபக்கூட்டத்தில் சிறிய அன்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளும்போது அது இப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியாது. புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆகவே எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணியை நழுவவிட்டது நான். ஊக்கை வைத்தது நான். அவளுக்கு ஒரு பாவமும் தெரியாது. அவள் கை என் கையைவிடச் சுத்தம்.

போனை எடுக்கிறீர்களே, அவளுக்குத்தானா? நல்லது. பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்.

வரச் சொல்லிவிட்டீர்கள். வேலையும் கொடுத்துவிட்டீர்கள். போனுக்கு வெளியே வரைக்கும் அவள் குரல் கேட்டது. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். படப்பைக்கு வீடு மாறிப் போகட்டும், சந்தோஷமாக இருக்கட்டும். எனக்கு வருத்தமில்லை. இனி யாருடைய பின்னலிலும் நான் கை வைக்கப்போவதில்லை. நெஞ்சு பஞ்சு மாதிரி இருக்கிறது.

நீங்களும் இந்தப் பெரிய கடையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாவம். இந்தாருங்கள், உங்கள் மஞ்சள் சட்டை. பேச்சு சுவாரசியத்தில் நான் கவனிக்கவில்லை, இதில் ஒரு பொத்தான் தளர்ந்து தொங்குகிறது பாருங்கள். நீங்கள் கவலைப்படாதீர்கள். நாளைக்கு நானே வந்து தைத்துத் தருகிறேன்.