கோடு போட்ட நாற்பது

"ஹலோ... ஹலோ... கேக்குதுங்களா? கார் எலக்ட்ரீசியன் குணசேகரன்தானுங்களே?... நான் ஒரு கஸ்டமர் பேசுறேன்ங்க... ஆமாங்க, கஸ்டமர்தான்... பேரா? திருமுருகன்னு வச்சுக்கங்களேன்..."

சொந்த மச்சானிடம், அதுவும் பெண்டாட்டியோடு கூடப்பிறந்த அண்ணனிடம், கஸ்டமர் என்று சொல்லிக்கொண்டு பேசுகிற நிலைமை எந்த ஆண்பிள்ளைக்கும் வரக் கூடாது. திருமுருகனுக்கு வந்துவிட்டது. போன வருஷம் இந்தப் பழைய காரை வாங்கியவன், பெருமையாகப் புதுக்கோட்டைக்கு ஓட்டிப்போய் மச்சானின் பட்டறை வாசலில் நிறுத்தினான். மச்சான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதைப் பேசாமல் எடைக்குப் போட்டுவிடலாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இனி இந்த வாசலை மிதித்தால் ஏன் என்று கேளுங்கள் என்று கிளம்பி வந்தவன்தான் இவன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

இன்றைக்கு மகள் ஹரிணிக்குக் கோவிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டிய அந்த மாமனுக்கு இவன் வாட்ஸ்அப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டதோடு சரி. மச்சான் பார்த்தார், பதில் போடவில்லை. வராவிட்டால் போகிறார் என்று ஒன்றுவிட்ட மாமன் வெள்ளைச்சாமியின் மடிக்குச் சொல்லி வைத்தாயிற்று. இப்போது குன்றாண்டார்கோவில் போகிற வழியில், புளியமரத்தடியில் வண்டி நிற்கிறது. ஏசி ஓடவில்லை. பிள்ளை வியர்த்து ஊற்றி வீறிடுகிறது. அமுதவல்லிதான் அண்ணன் நம்பரைப் போட்டுப் போனை இவன் கையில் திணித்தாள்.

"காத்து வருதுங்க... வருது, ஆனா அனலா வருது... ஆமாங்க... ஆமா... வெளி வெப்பம் காட்டுற எடத்துலயா? இருங்க, பாக்குறேன்... நாப்பதுன்னு காட்டுது... என்னது, சரியாத்தான் காட்டுதா?... அட, கத்திரி வெயிலுக்கு நாப்பது சரிதாங்க, ஒத்துக்குறேன். ஆனா முன்னாடி ஒரு கோடு போட்டிருக்கு... கோடுங்க, கோடு! படுக்க வச்ச கோடு... ஆங், மைனஸ்! மைனஸ் நாப்பது... ஏங்க, சிரிக்காதீங்க. இங்க மனுசன் வெந்துக்கிட்டு இருக்கேன்... சரி, சிரிச்சு முடிங்க. நிக்கிறேன்."

வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"சொல்லுங்க... ஓகோ... வெளியில பனி கொட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு வண்டி கம்ப்ரஸர ஓட விட மாட்டேங்குதா?... வெளி வெப்பத்தப் பாக்குற சென்சாருக்கும் வண்டிக்கும் எங்கயோ தொடர்பு அந்துபோச்சு, அதான் மைனஸு... ஆமா, ஆமா, புரியுது, புரியுது..."

ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.

"முன்னாடி கிரில்லுக்குப் பின்னால... கைய விட்டுட்டேன்... கெடச்சுருச்சு! நத்தை கணக்கா சுருண்டுக்கிட்டு... என்னது, அது ஹாரனா?... சரிங்க, விட்டுட்டேன், விட்டுட்டேன். அதுக்கு இங்கிட்டா, அங்கிட்டா?... சோத்தாங்கைப் பக்கம்... கொட்டப்பாக்கு சைசுல... ரெண்டு வயரு... இருக்கு, இருக்கு மச்—"

நாக்கு வழுக்கியதை இருமி மறைத்தான்.

"...மச்சம் மாதிரி கறுப்பா இருக்குன்னு சொல்ல வந்தேன்ங்க... நீங்க மேல சொல்லுங்க... பிளக்க உருவிட்டேன்... வயர்ப் பக்கம் ரெண்டு ஓட்டை இருக்கு... ரெண்டையும் கம்பி வச்சுச் சேக்கணுமா? ஷாக் அடிக்காதே?... இல்லங்க, பிள்ளகுட்டிக்காரன், அதான் கேட்டேன்... சரி, நம்புறேன். இப்பக் கம்பிக்கு நான் எங்க போவேன்..."

சொல்லி வாய் மூடவில்லை, அமுதவல்லியின் கை ஜன்னல் வழியாக ஹேர்பின்னை நீட்டியது.

"கெடச்சுருச்சுங்க... சொருவிட்டேன்... சாவி ஆன்லதான் இருக்கு... ஏ அமுதா, இப்ப என்ன காட்டுதுன்னு பாரு... எம்பத்தஞ்சா? கோடு இல்லாமயா?... ஏங்க! மாறிருச்சுங்க! இப்ப உள்ள சோறு வடிக்கலாம் போலருக்கு!... ஓ, அப்ப வயரு நல்லாருக்கு, கம்ப்யூட்டரு நல்லாருக்கு. கோளாறு இந்தப் பாக்குலதான்... ஆமா, ஆமா... சென்சார் பக்கம் இருக்குற ரெண்டு பின்னையும் பாக்கணுமா?... ஒண்ணு பளபளன்னு இருக்கு. இன்னொண்ணுல செவப்பா என்னமோ... துருவா? துரு இப்பிடிச் சுத்திக்கிட்டு நிக்காதுங்களே... இருங்க, நெகத்தால உரிக்கிறேன்... இது வந்து..."

விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம். கரண்ட் தொடாதபடி பின்னைச் சுற்றி அதைப் பதமாகச் சுருட்டி விட்டிருந்தது ஒரு தேர்ந்த கை. திருமுருகன் நிமிர்ந்து பார்த்தான். அமுதவல்லியின் நெற்றியிலும் மெரூன் பொட்டு. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் பட்டறையில்தான் அவள் பாதி நாள் கிடப்பாள். எந்த வயர் எங்கே போகிறது என்று அவளுக்கு அத்துப்படி. இப்போது அவள் பிள்ளைக்குத் துண்டால் விசிறிக்கொண்டு, ரோட்டோரத்துக் கரண்ட் கம்பத்தை வாழ்நாளில் பார்க்காதவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சுர்ரென்று கோபம்தான் வந்தது. வெள்ளைச்சாமி மடி என்று இவன் முடிவு சொன்ன அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த ஒற்றைச் சொல் இப்போதுதான் அவனுக்குத் தைத்தது. வெட்கமாகப் போயிற்று.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன்... ஒண்ணுமில்ல, தூசிதான். தொடச்சு மாட்டிட்டேன்... அமுதா, சாவிய ஒருதரம் ஆஃப் பண்ணிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணு..."

டக்கென்று கம்ப்ரஸர் பிடித்தது. முப்பத்தொன்பது என்று காட்டியது, கோடு கிடையாது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் ஹரிணி அழுகையை நிறுத்திவிட்டு விக்கினாள். வந்த வேலை முடிந்தது, நன்றி சொல்லிப் போனை வைத்துவிட வேண்டியதுதான். அமுதவல்லி கம்பத்தை விட்டுவிட்டு இவனையே பார்த்தாள்.

"இல்ல மச்சான், சரியாகல... ஆமா, மச்சான்னுதான் சொன்னேன்... இன்னும் கோடு போட்டுத்தான் காட்டுது... என்ன சத்தம்? கம்ப்ரஸரா?... அது பக்கத்து வயல்ல மோட்டார் ஓடுது மச்சான்... ஆமா... ஆமா... இது நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் ஆகும்... தெரியும் மச்சான். நான்தான் நேர்ல வந்து கூப்புட்டுருக்கணும். தப்புதான்... நாலு பேரு முன்னாடி வேணும்னாலும் சொல்லுறேன்... இங்க வேணாம், நேரா கோவிலுக்கே வந்துருங்க... ஏசி இல்லாம பிள்ளைய வச்சுக்கிட்டு கோவிலுக்கு எப்பிடி வருவேனா? கண்ணாடிய எறக்கிவிட்டுக்கிட்டாவது வாரேன், ஒங்களுக்கென்ன... ஹலோ... என்ன மச்சான், சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?... டூல் பாக்ஸா? அதெல்லாம் எதுக்கு? நல்ல வேட்டியாக் கட்டிக்கிட்டு வாங்க. ஒங்க மடி வந்தாப் போதும்... ஹலோ?... மச்சான்?... பதிலு சொல்லாம பைக்க ஒதைக்கிறீங்களே... ஹலோ..."