ஆள் இருக்கும் அறை

எங்கள் வீட்டில் நல்ல வெயில் வருவது என் மகள் நெரிஸின் அறைக்குத்தான். எங்கள் ஊர் அபர்டேரில் வெயில் அடிக்கிற நாட்கள் குறைவு. அடித்தால் முதலில் அவள் சன்னலுக்கு வரும், காலை பத்து மணிவரை கட்டிலின் மேல் கிடக்கும். நேற்று உதவித்தொகை ஆபீஸிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்தபோது மழை. இல்லாவிட்டால் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அறை விவகாரத்தை நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை, ஐயா. நானும் என் மகளும், எங்களுக்கு இரண்டு படுக்கையறை. அவள் இருக்கும்வரை வாடகைக்கான உதவித்தொகை முழுதாக வரும். அவள் போய்விட்டால் ஓர் அறை உபரி. உபரி அறைக்காக வாரம் பதினான்கு பவுண்டு குறைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற எனக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒற்றை அறை வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று உங்கள் ஆபீஸ் கடிதத்தில் போட்டிருந்தது. அப்படி ஒரு வீடு எங்கள் பக்கத்தில் காலியாக இல்லை என்பதைக் கடிதம் எழுதியவரும் அறிவார்.

நெரிஸ் போனது அக்டோபரில். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஹீட்டர் போட்டது யார் என்பதில் தொடங்கிய சண்டை. "நான் உனக்கு மகளே இல்லம்மா, அந்த ரூமுக்கு ஒரு ஆளு, அவ்வளவுதான்" என்றாள். ஒரு பையை எடுத்துக்கொண்டு கார்டிஃப் நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தோழி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். ஒரு வாரத்துக்காக யாரும் ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

இரண்டாவது வாரம் அவளுடைய போன் அணைந்திருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஆளும் இருந்தார். வாடகை ஆபீஸில் டெவி என்று ஓர் இளைஞர். கோடைக்காலத்திலேயே என்னை உட்காரவைத்து, தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்து, "டெலித் அக்கா, வீட்டுல ஏதாவது மாறுச்சுன்னா மறைக்காம எங்கிட்ட வந்து சொல்லுங்க. குறையுற பணத்துக்குன்னு தனியா ஒரு நிதி இருக்கு. படிவத்த நானே நிரப்பித் தரேன்" என்றார். படிவத்தையும் கையில் கொடுத்தார். அதை ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். விண்ணப்பித்தால் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். மகள் மாடியில் இருக்கிறாள் என்று சொன்னால் பணம் நிச்சயம்.

அதனால் அவளை மாடியில் வைத்துக்கொண்டேன்.

அது அப்படியொன்றும் கடினமான வேலை இல்லை. திங்கட்கிழமைகளில் அவளுடைய இரண்டு சட்டை, ஒரு ஜீன்ஸ், காலுறைகள் எல்லாவற்றையும் நனைத்துப் பின்கட்டுக் கொடியில் போடுவேன். மாலையில் அறை விளக்கைப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அணைப்பேன். படுக்கையை அவ்வப்போது கலைத்துவைப்பேன். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தைப் பற்றி யாரோ ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள், அவர்கள் இன்னும் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனவே யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மைரிடமும்கூட.

மைர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்பாள். "என்னடி, மகாராணிய கண்ணுலயே காணோம்?"

"தூங்குறா."

"எப்பப் பாரு தூக்கம். துணி மட்டும் எப்படித்தான் இவ்வளவு அழுக்காகுதோ."

சிரித்துவிட்டு ஒரு கிண்ணம் சூப்பை நீட்டுவாள். இறைச்சியும் லீக் என்கிற வெங்காயத் தண்டும் போட்டுக் காய்ச்சியது, நெரிஸுக்குப் பிடிக்கும். "எழுந்ததும் குடு. எலும்பும் தோலுமா இருக்கா அவ." குளிர்காலம் முழுக்க வாராவாரம் கொடுத்தாள். நான் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி, "நல்லா இருந்துச்சாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமைகளில் எங்கள் தேவாலயக் கூடத்தில் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுவோம். நானும் பரிமாறுவேன். அவர்களிடம் பெயர் கேட்கக் கூடாது என்பது போதகர் வைத்த விதி. நல்ல விதிதான். நான் எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குப் போன் வந்தது. எண் தெரியவில்லை. உங்கள் ஆபீஸிலிருந்து வருகிற போன்களும் அப்படித்தான் எண் காட்டாமல் வரும். ஒரு பெண் குரல். கார்டிஃபில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். "உங்க பொண்ணு நெரிஸ் உங்களோடதான் வசிக்கிறாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான்கு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. "ஆமா. மாடியில தூங்குறா" என்றேன்.

நெரிஸுக்கு நிமோனியா. கூட்டிப்போக ஆள் இருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்களாம். ஆள் இல்லாததால் வீடில்லாதவர்களுக்கான விடுதியில் இடம் தேடினார்கள். இடம் கிடைப்பதற்குள் கட்டிலைக் காலி செய்யவேண்டி வந்தது. பதினோரு நாள் கழித்து, கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் அவளை உயிரில்லாமல் கண்டெடுத்தார்கள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டை அப்படியே இருந்தது. அதிலிருந்த பெயரை வைத்துத்தான் போலீஸ்காரர் எங்கள் கதவைத் தட்டினார்.

உங்கள் ஆபீஸ்தான் சோதிக்கிறது என்று நினைத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். மைரிடமும், போதகரிடமும், டெவியிடமும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். டெவி அழுதார். தான் வீடு தேடி வந்து அந்தப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்றார். மைர் இப்போதும் சூப் கொண்டுவருகிறாள். இந்த ஊரில் நல்ல மனிதர்களுக்குக் குறைவில்லை, ஐயா. எல்லாரும் அவரவரால் முடிந்ததோடு வந்து என் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திறந்தவுடன் நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சற்றுமுன் நீங்களும் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னீர்கள். "பயத்துல சொல்லிட்டீங்க. உங்க இடத்துல யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. ஃபைல மூடிடலாம்மா." அன்பாகச் சொன்னீர்கள். அந்த அன்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பேனாவைத் திறந்துகொள்ளுங்கள்.

அன்றைய போன் பேச்சு அத்தோடு முடியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அந்த நர்ஸ், "ஒரு நிமிஷம் இருங்க, அவங்க கையிலயே குடுக்குறேன்" என்றாள். தன் இடைவேளையில், தன் சொந்தப் போனில் பேசினாளாம் அந்தப் பெண். பிறகுதான் தெரிந்தது. போன் கைமாறியது. இருமல் கேட்டது.

"அம்மா, நான்தான். வந்து கூட்டிட்டுப் போறியா?"

பெற்றவளுக்கு ஓர் இருமலே போதும், ஐயா. முதல் சொல்லுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் பேச்சு பதிவாகிக்கொண்டிருக்குமோ என்று நினைத்தேன். இப்போது ஒப்புக்கொண்டால் நான்கு மாதத்தையும் திருப்பிக் கேட்பார்கள், வீடு போய்விடும், வீடு போனால் அவள் எங்கே திரும்பி வருவாள் என்றும் நினைத்தேன். அவளுக்காகத்தான் நினைத்தேன்.

"தப்பான நம்பர்ம்மா. என் பொண்ணு மாடியில தூங்குறா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. எப்போதும் கோபப்படுகிற பிள்ளை, அன்று கோபப்படவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"சரிம்மா. அவ தூங்கட்டும்."