பதினோரு பேரும் ஏறிப்போன 15.41 வண்டி

பெயர்: குனிமி அத்சுயா. வயது: 15. நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர். முகவரி: ஹொக்கைதோ, குரோபெட்சு வட்டம், ஷிராநுமா குடியிருப்பு, வீட்டு எண் 7. ரெய்வா ஏழாம் ஆண்டு (2025) பிப்ரவரி 12, புதன்கிழமை, காலை 9.40 மணிக்குத் தாயார் குனிமி ரியேவுடன் குரோபெட்சு காவல் நிலையத்துக்கு யாரும் அழைக்காமல் தானே வந்து, சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிவிக்கப்பட்ட பிறகு கூறியதாவது:

முதற்கண், ஷிராநுமா ரயில் அன்பர் கழகத்தின் குளிர்காலப் பொதுக்கூட்டம் கடந்த ஜனவரி 26 ஞாயிறன்று ஷிராநுமா ரயில் நிலையத்தில் இனிதே நடைபெற்றது என்பதையும், நிலையத்துப் பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பதைத் தடைசெய்யும் தீர்மானம் பதினோரு உறுப்பினர்களாலும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது என்பதையும் பொதுமக்களுக்கு அறிவித்துக்கொள்கிறேன். இது வழக்குக்குத் தேவையா என்று உதவி ஆய்வாளர் ஓகிதா கேட்டார். தேவை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மேற்படி கழகத்தின் தலைவர் நான். ஹொக்கைதோவில் இருக்கிற எல்லா ரயில் பாதைகளிலும், அதுவும் பனிக்காலத்தில், பயணம் செய்தவன். பனி தள்ளும் வண்டியை நாற்பத்து மூன்று முறை நேரில் பார்த்தவன். இதைச் சொன்னபோது என் தாயார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நானும் தாயாரும் சென்ற செப்டம்பரில் செந்தாயிலிருந்து ஷிராநுமாவுக்குக் குடிவந்தோம். தாயாருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. என் பள்ளிக்கூடம் ரயில் பாதை போகாத திசையில் இருப்பதால் நான் பேருந்தில் போகிறேன். வகுப்பில் என்னைத் தவிர ஆறு பேர், ஆறு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லாததால் நான் நிலையத்துக்குப் போனேன். நிலையம் என்று பெயரே தவிர நிலையாக அங்கே ஒருவரும் கிடையாது. பழைய சரக்கு வண்டியின் கார்டு பெட்டியைச் சக்கரம் கழற்றி இறக்கி வைத்திருக்கிறார்கள், அதுதான் காத்திருப்பு அறை. உள்ளே ஒரு பலகையில், வந்துபோகும் ரயில் அன்பர்கள் எழுதுவதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. மை உறைந்துவிடும் என்பதால் பென்சிலைக் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு விதிகள் எழுதியிருந்தன. எந்த வண்டியில் வந்தீர்கள், எந்த வண்டியில் போகிறீர்கள் என்று எழுதவும். நடக்காததை எழுத வேண்டாம். இந்த இரண்டாவது விதியைப் படித்ததும் எனக்குக் கை அரித்தது.

அக்டோபர் 6 அன்று 'வடகாற்று' என்ற பெயரில் முதல் தடவை எழுதினேன். வந்த வண்டி 10.52, போகும் வண்டி 15.41 என்று போட்டேன். இந்த நேரங்களைப் பலகையில் யாரோ விட்டுப்போயிருந்த கால அட்டவணைப் புத்தகத்தில் பார்த்தேன். வண்டி வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தபோது கீழே ஒரு பதில் இருந்தது. "ஏழு மாசமா இந்த நோட்டுல நான் மட்டும்தான் எழுதிட்டு இருக்கேன். என் எழுத்தைப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு. அடிக்கடி வாங்க. — ஈரக் கையுறை."

அதன் பிறகு நான் 'அரை டிக்கெட்' என்ற பெயரிலும், அதன் பிறகு 'தூங்குகிற நரி' என்ற பெயரிலும் எழுதினேன். ஆண்டு முடிவதற்குள் பதினோரு பேர் ஆனோம். ஈரக் கையுறை மாதத்துக்கு இரண்டு முறை 10.52-இல் வந்து 13.06-இல் போவார் என்பது அவர் எழுதியதிலிருந்து தெரிந்தது. நான் காலையிலேயே வந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவதால் அவரைப் பார்த்ததில்லை. பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவார். அரை டிக்கெட்டுக்குப் பல்வலி என்று எழுதியிருந்தேன். அந்தப் பல்வலி உண்மையானது. அதற்கு அவர், "நாக்கால நோண்டாதீங்க. பல் கட்டித் தர்றதுதான் என் பொழப்பு, அதனால சொல்றேன். டாக்டர்கிட்ட போங்க, பயந்தா கண்ணை மூடிட்டுப் போங்க" என்று எழுதினார். மூன்று வாரம் கழித்து, "பல் என்னாச்சு?" என்று மறுபடியும் கேட்டிருந்தார். அதன் பிறகுதான் நான் தாயாரிடம் சொல்லிப் பல் மருத்துவரிடம் போனேன்.

ஜனவரி 26 அன்று நான் வடகாற்று பெயரில் கீழ்க்கண்டவாறு எழுதினேன்: பிப்ரவரி 9 ஞாயிறு காலை 11.20-க்கு பனி தள்ளும் வண்டி சிறப்பு ஓட்டமாக ஷிராநுமா பாலத்தைக் கடக்கும். கழகத்தார் பதினோரு பேரும் பாலத்தருகே கூடுவோம், தாங்களும் வரவும். பனி தள்ளும் வண்டியின் நேரத்தை ரயில்வே வெளியிடுவதில்லை என்பதும், அன்பர்கள் ஒருவருக்கொருவர் எழுதி வைப்பதை நம்பித்தான் பனியில் மணிக்கணக்காக நிற்பார்கள் என்பதும் எனக்கு அந்த நோட்டிலிருந்தே தெரியும். நான் எழுதியது பொய்.

பிப்ரவரி 2 அன்று எனக்குக் காய்ச்சல். நிலையத்துக்குப் போகவில்லை.

பிப்ரவரி 9 காலை வானம் தெளிவாக இருந்தது. 10.52 வண்டியின் ஊதல் கேட்டதும் வீட்டின் பின்பக்க ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். ஆரஞ்சு நிறத் தொப்பி போட்ட ஒருவர் மட்டும் இறங்கினார். இடது கையால் கோட்டின் மார்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ரயில் பாதை வேலிக்கு வெளியே, பால் பண்ணை ஓரமாகவே பாலம் நோக்கி நடந்தார். நிலையத்திலிருந்து பாலம் நானூறு மீட்டர். நான் சிரித்தேன். அதன் பிறகு 11.15-க்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். பனி கொட்ட ஆரம்பித்துவிட்டதால் திரும்பிவிட்டேன். வானிலைக் குறிப்பின்படி பனி தொடங்கியது 11.40-க்கு என்று உதவி ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். இதைக் கடைசியில் திருத்துகிறேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கத்து வீட்டின் மஞ்சள் கதவுகூடத் தெரியவில்லை. அவர் காத்திருப்பு அறைக்குப் போயிருப்பார் என்று நினைத்து, போர்வை போர்த்திய கணப்பு மேசைக்குள் கால் நீட்டி ஆரஞ்சுப் பழம் தின்றேன். மூன்று பழம். 13.06 வண்டி வரவில்லை. மாலை 4.10-க்கு பால் பண்ணைக்காரர் டிராக்டரில் பனி ஒதுக்கிக்கொண்டு போகும்போது அவரைப் பார்த்தார். காத்திருப்பு அறைக்கு எழுபது மீட்டர் முன்னால் இறந்து கிடந்தார். அவர் பெயர் முகாய் தெய்ஜி, வயது 57, அஸஹிகாவாவில் பல் கட்டுபவர் என்பதையும், அவருடைய காமிராவில் கடைசிப் படம் 11.58-க்கு எடுக்கப்பட்டது என்பதையும், அந்தப் படத்தில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை என்பதையும், கோட்டின் உள்பையில் சோள சூப் டப்பா இரண்டு, திறக்கப்படாமல் இருந்தன என்பதையும் பிற்பாடு உதவி ஆய்வாளர் சொல்லி அறிந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் நிலையத்துக்குப் போய் நோட்டைத் திறந்தேன். பிப்ரவரி 2 அன்று ஈரக் கையுறை எழுதிய பதில் இருந்தது. படித்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வடகாற்று எழுதிய பக்கத்தையும் சேர்த்துத்தான் கிழித்தேன். என்ன எழுதியிருந்தது என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிழித்த பக்கங்களைத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று ஒட்டுநாடாவுடன் போனேன். ஒட்டுவதற்குள் உதவி ஆய்வாளர் ஓகிதாவும் ஓர் அம்மாளும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் இறந்தவரின் அக்கா, முகாய் சொனோயே, ஓத்தாருவிலிருந்து வந்திருந்தார். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இந்த ஊர்ப் பிள்ளையா தம்பி?"

"ஆமாங்க."

"வடகாற்று, அரை டிக்கெட், நரி... இவங்கள்லாம் இங்க வர்றவங்களாமே. பதினோரு பேரு. பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"எப்படி இருப்பாங்க?"

"உயரமா."

"பதினோரு பேருமா?"

"ரெண்டு பேரு குள்ளம்."

அந்த அம்மாள் சிரித்தார். "போன் பண்ணா இவங்க பேச்சுதான். 'அக்கா, எனக்கு ஷிராநுமாவுல பதினோரு சிநேகிதங்க இருக்காங்க'ம்பான். 'போடா, உனக்கு ஒருத்தன் கிடைச்சாலே அதிசயம்'னு நான் கிண்டல் பண்ணுவேன்" என்றார். அதன் பிறகு உதவி ஆய்வாளரிடம் திரும்பி, "ரயில் நேரம் பூராவும் அவனுக்கு மனப்பாடங்க. அவன் படம் எடுக்கற பனி வண்டிகூட அன்னிக்குக் கிடையாதுன்னு ரயில்வேக்காரங்களே சொல்லிட்டாங்க. வராத வண்டிக்கு அவன் போய் நிக்க மாட்டான். அப்போ தண்டவாளத்துப் பக்கம் எதுக்குப் போனான்?" என்று கேட்டார்.

"அதைத்தாம்மா நாங்களும் விசாரிச்சிட்டு இருக்கோம்."

"அவன் பெண்டாட்டி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் ராத்திரியெல்லாம் அதையேதான் நினைச்சிட்டு இருந்தேன்."

அந்த அம்மாள் நோட்டை மூடிப் பலகையில் நேராக வைத்தார். "பதினோரு பேரு இருந்துமா அவனுக்கு இப்படித் தோணும்?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. போகும்போது என்னிடம், "வியாழக்கிழமை அஸஹிகாவாவுல காரியம். அவங்களுக்குன்னு பதினோரு நாற்காலி முன்வரிசையில போடச் சொல்லியிருக்கேன். பாத்தீன்னா சொல்லு தம்பி" என்றார். சொல்கிறேன் என்று சொன்னேன்.

அன்று மாலை தாயாரிடம் காலுறையைக் கழற்றிக் காட்டினேன். தாயார் படித்தார். அதன் பிறகு என் பூட்ஸை எடுத்து அடுப்புப் பக்கத்தில் காயவைத்து, "நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷன் போறோம். நான் கூட வரேன், பேசுறது நீதான்" என்று சொன்னார்.

மேற்படி பக்கத்தை இப்போது ஒப்படைக்கிறேன். உதவி ஆய்வாளர் அதைச் சத்தமாகப் படித்து எழுதிக்கொண்டது:

"வடகாற்று அவர்களுக்கும் மத்த பத்துப் பேருக்கும். ஒன்பதாந்தேதி பனி தள்ளுற வண்டி வராது. ஞாயித்துக்கிழமையில இந்தப் பாதையில அது ஓடுறதே இல்ல. இன்னொரு விஷயம். நீங்க பதினோரு பேரும் அக்டோபர்லேருந்து 15.41-ல ஏறிப் போயிட்டே இருக்கீங்க. அந்த வண்டியைப் போன மார்ச்சுலயே நிறுத்திட்டாங்க. பலகையில கிடக்குறது பழைய புத்தகம். முதல் நாளே பாத்துட்டேன். சொன்னா நீ எழுதுறதை நிறுத்திடுவியோன்னு சொல்லல. இதை ஒன்பதாந்தேதிக்குள்ள நீ படிப்பியான்னு தெரியல. வண்டி வரும்னு நீயே நம்பிட்டு அங்க தனியா நின்னா என்ன பண்றது? அதனால 10.52-ல நான் வந்துடறேன். பன்னண்டு மணி வரைக்கும் பாலத்துக்கிட்ட நிப்பேன். சோள சூப் ரெண்டு டப்பா கொண்டு வரேன். ஒண்ணு எனக்கு. பதினோரு பேருக்கு ஒண்ணு போதும்ல? — ஈரக் கையுறை."

(இவ்விடத்தில் வாக்குமூலம் ஆறு நிமிடம் நிறுத்தப்பட்டு, 11.07-க்குத் தொடரப்பட்டது.)

ஆகவே அவர் சாவதற்காகப் போகவில்லை. இதை அவருடைய அக்காவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பனி தொடங்கிய 11.40-க்கே கிளம்பியிருந்தால் அவர் அறைக்கு வந்து சேர்ந்திருப்பார். பன்னிரண்டு வரை நிற்பதாக எழுதிவிட்டதால் நின்றிருக்கிறார்.

முன்பு சொன்னவற்றில் கீழ்க்கண்டவற்றைத் திருத்துகிறேன். பனி தள்ளும் வண்டியை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஹொக்கைதோவில் இரண்டே தடவைதான் ரயிலில் ஏறியிருக்கிறேன், இரண்டு தடவையும் மூன்றாவது நிலையத்துக்குள் வாந்தி எடுத்தேன். இதற்குத் தாயார் சாட்சி. பொதுக்கூட்டத்துக்கு வந்தது ஒருவர், தீர்மானத்துக்குக் கை தூக்கியது ஒருவர், பென்சிலைக் கடித்ததும் அவரேதான். பிப்ரவரி 9 அன்று வாசலில் நான் திரும்பியதற்குக் காரணம் பனி இல்லை. 11.15-லிருந்து 11.40 வரை பூட்ஸ் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தேன். ஈரக் கையுறை யார் என்று பார்க்கத்தான் அந்தப் பொய்யை எழுதியிருந்தேன். ஒரு பையன் மட்டும் இருக்கிறான் என்று தெரிந்தால் அஸஹிகாவாவிலிருந்து யார் வருவார்கள் என்றுதான் பதினொன்று ஆக்கினேன். பதினோரு பேரைப் பார்க்க வந்தவர் முன்னால் ஒருவனாகப் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

நாளைக்கு அஸஹிகாவாவில் நாற்காலி ஒன்று போதும் என்பதையும் அந்த அம்மாளிடம் தெரிவிக்கவும். அதுவும் அவர் சம்மதித்தால். சம்மதித்தால் ரயிலிலேயே போய்க்கொள்கிறேன், வாந்திக்குப் பை ஒன்று கையில் வைத்துக்கொள்வேன்.

மேலே எழுதியதை உதவி ஆய்வாளர் இரண்டு முறை படித்துக் காட்டினார். தொடக்கத்தில் அறிவித்ததும் பெருமையடித்ததும் பொய், மற்றவை நடந்தவை. பொய்யை அடித்துவிடவா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும், அதுவும் நான் சொன்னதுதான் என்று கூறி, கையெழுத்துக்குப் பதில் வைக்கும் முத்திரை என்னிடம் இல்லாததால் சுட்டுவிரல் ரேகை வைக்கிறேன்.

குனிமி அத்சுயா (ரேகை)
உடனிருந்த தாயார்: குனிமி ரியே (முத்திரை)
பதிவு செய்தவர்: உதவி ஆய்வாளர் ஓகிதா