பதினேழு ஓட்டும் சிவப்பு அம்பும்

பனியன் துணியில் ஊசிமுனைத் துளையையும் உற்றுக் கண்டவரே! அமைச்சர் அறையிலும் அடங்கிப் பேசத் தெரியாதவரே! சங்கத்தின் சாவியையும் சண்டையையும் சலியாமல் சுமந்த எங்கள் அலுவலகச் செயலாளர் சீனியம்மாள் அக்கா அவர்களே! வணக்கம்.

நேரே புகழ்ந்தால் "போதும்ப்பா, மனுவை எடு" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் அவையோரிடம் பேசுகிறோம். தாங்கள் காது கேளாதவர்போல் அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

அவையோரே! தொண்ணூற்றாறாம் ஆண்டு நகராட்சித் தேர்தல். மனுவோடு நகராட்சி வாசலில் நின்று கால் கடுத்த நம் பனியன் தொழிலாளர் சங்கம், நம்மில் ஒருவரே உள்ளே உட்காரட்டும் என்று முதன்முதலாகக் கட்டிங் மாஸ்டர் கந்தப்பனை ராயபுரம் வார்டில் நிறுத்தியது. சின்னம் கத்தரிக்கோல். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த சீனியம்மாளுக்குப் பெண்களின் ஓட்டைத் திரட்டும் பொறுப்பு. வாக்குச்சீட்டு என்றதும் தயங்கியவர்களிடம் அவர் சொன்னார்: "பயப்படாதீக. நம்ம செக்கிங் மாதிரிதான். ஒவ்வொண்ணா பாத்து முத்திரையக் குத்துங்க."

அங்கேதான் வந்தது வினை. செக்கிங்கில் குறையுள்ள பீசுக்கே சிவப்பு அம்பு ஒட்டுவார்கள். நல்ல பீஸ் அடையாளமே இல்லாமல் பெட்டிக்குப் போகும்.

கந்தப்பன் பதினேழு ஓட்டில் தோற்றார். செல்லாத சீட்டுகள் நாற்பத்தொன்று. அத்தனையிலும் கத்தரிக்கோல் மட்டும் பளிச்சென்று இருந்தது. செக்கிங்கில் சீனியம்மாளுக்குப் பக்கத்து மேசைப் பெரியாத்தாள் பெருமையாகவே சொன்னார்: "நல்ல பீசுல யாராச்சும் குத்துவாங்களா கண்ணு? நம்மாளை உட்டுட்டு மிச்ச நாலு பேரு மேலயும் நல்லாக் குத்திப்போட்டேன்!"

சீனியம்மாள் பழியை யார் தலையிலும் கட்டவில்லை. பொதுக்குழுவில் எழுந்து, "என் வாய்தான் தோக்கடிச்சது" என்று அழுதார். கந்தப்பனோ, "அழுவாதீங்க. அந்தச் செக்கிங்கையே வேட்பாளருங்க மேல பண்ணிப்பாக்கலாமுங்க" என்றார்.

அடுத்த தேர்தலில் எல்லாக் கட்சி வேட்பாளரையும் சங்கத்துக்கு அழைத்து, பஸ் வசதி உள்ளிட்ட நான்கு கோரிக்கைகளை முன்வைத்தார்கள். மழுப்பியவர் சுவரொட்டியில் மழுப்பிய கோரிக்கைக்கு ஒன்றாகச் சிவப்பு அம்பு! "அக்கா, அந்த அம்பை மட்டும் எடுத்துருங்க" என்று கெஞ்சி வந்தார், அப்போது பதவியிலிருந்த ஒருவர். "ஷிப்ட் முடியுற நேரத்துக்குப் பெருமாநல்லூர் பஸ் வரட்டும், எடுத்துருவோம்" என்றார் சீனியம்மாள். பஸ் வந்தது, அம்பும் கழன்றது. அன்றிலிருந்து ஆட்சியர் அலுவலகப் படியிலும் சட்டமன்ற உறுப்பினர் விடுதி வராந்தாவிலும் அவர் செருப்பு தேய்ந்ததை நாம் அறிவோம்.

ஆயினும் அக்கா, இனித் தங்களிடமே பேசுகிறோம். சென்ற மாதம் ஓய்வுக் கடிதத்தை நீட்டியபோது தாங்கள் சொன்னது எங்களைத் தூங்கவிடவில்லை: "இத்தனை வருசமும் அம்பு ஒட்டுனோம். பிரிஞ்ச தையலை உள்ள உக்காந்திருக்கவன்தான தைக்கணும்? அந்தப் பதினேழு ஓட்டு இன்னும் உறுத்துதுப்பா." வாசலில் நின்று கேட்பதா, உள்ளே அமர்ந்து செய்வதா என்று நம் சங்கம் இன்றுவரை வாதிடுகிறது. இரண்டும் வேண்டும் என்பதே தங்கள் வாழ்விலிருந்து நாங்கள் கற்றது.

ஆகவே அலுவலக நாற்காலியிலிருந்து தங்களை விடுவிக்கிறோம். வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை. நேற்றைய பொதுக்குழு, வரும் மாநகராட்சித் தேர்தலில் ராயபுரம் வார்டு வேட்பாளராகத் தங்கள் பெயரை ஒருமனதாக முடிவு செய்தது. முழங்கால் வலி தீர்ந்து, நூறாண்டு கடந்தும் வாதாட வாழ்த்துகிறோம். இம்முறை நல்ல பீசுக்கே பொத்தானை அழுத்துவோம், பெரியாத்தாளுக்கும் சொல்லிவிட்டோம்.

இங்ஙனம்,
தங்களை முன்மொழியும்
சங்க அலுவலகத் தோழர்கள், திருப்பூர்.